அடிப் பெயின்ற் பூசிய கிணறு

பிள்ளைகள், நம் கிணற்றைப் பற்றி இந்த ஒழுங்கை வீடுகளில் இரண்டு கதை இருக்கிறது. இதைவிடத் துப்புரவான கிணறு இங்கே இருந்ததில்லை என்பது ஒன்று. அதற்குள் நஞ்சு கலந்தது உங்கள் அப்பா என்பது மற்றது. இரண்டும் உண்மை. இரண்டும் ஒரே நாளில், ஒரே பெயின்ற் பிறஸ்ஸால் நடந்தவை. பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன் நானே எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். விஞ்ஞானத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். மற்றப் பிழைகளைத் திருத்த வேண்டாம், அவை நடந்தவை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். துறைமுகப் பக்கத்தில் படகு திருத்தும் யாட்டில் பெயின்ற் அடிக்கிறேன். வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்கிற பெரிய படகுகள் வரும். கரையில் ஏற்றினால் அவற்றின் அடிப்பக்கம் முழுக்கச் சிப்பியும் பாசியும் ஒட்டியிருக்கும். அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு அடிப் பெயின்ற் பூச வேண்டும். சாதாரண பெயின்ற் அல்ல அது. அதற்குள் மருந்து இருக்கிறது. அந்த மருந்து இருக்கும்வரை படகில் ஒன்றும் ஒட்டாது. ஏன் ஒட்டாது என்று நான் யோசித்ததில்லை. ஒட்டாது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

நம் கிணறு கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தும் நல்ல தண்ணீர். ஆனால் வருடத்தில் பாதி நாள் வளையங்களில் பாசி பிடித்துவிடும். கோயில் திருவிழாவுக்கு முன் கிணறு இறைத்து, உள்ளே இறங்கித் தேய்த்து, முழங்கை உரிந்து மேலே வருவேன். ஒரு முறை யாட்டில் அரை டின் அடிப் பெயின்ற் மிஞ்சியது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடலுக்குள்ளேயே கிடக்கிற படகில் பாசி ஒட்டாதென்றால், கிணற்றில் எப்படி ஒட்டும்? இந்த யோசனை வேறு எவருக்கும் வரவில்லையே என்று அன்றைக்கு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்போது இல்லை.

கிணற்றை இறைத்துக் காயவிட்டு, உள்ளே இறங்கி இரண்டு பூச்சு பூசினேன். சிவப்பு நிறம். டின்னில் எழுத்தெல்லாம் இங்கிலிஷில் இருந்தது. ஒரு படமும் இருந்தது, ஒரு மீன் மல்லாந்து கிடக்கிற மாதிரி. மீன்பிடிப் படகுக்கான பெயின்ற் என்பதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். மீனுக்குப் பக்கத்தில் இலையில்லாத ஒரு மரமும் நின்றது. அந்த மரத்துக்கு மட்டும் என்னிடம் விளக்கம் இருக்கவில்லை.

பாசி வரவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது, ஒரு பொட்டுப் பச்சை இல்லை. எட்டிப் பார்த்தால் அடியில் கிடக்கிற சல்லிக் கல்லும் தெரியும். ஒழுங்கைச் சனம் வந்து பார்த்தது. நான் பக்கத்தில் நின்று காட்டினேன்.

எதிர்வீட்டு அக்காவை உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவ. அவவின் கிணறு பச்சைப் பசேலென்று பாசியும் பன்னச் செடியுமாக இருக்கும். வளையங்களுக்கிடையில் தவளைகள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தன. நான் சும்மா இருந்திருக்கலாம். அவ இடியப்பத் தட்டோடு போகும்போதெல்லாம், அதில் தவளைக் கால் கிடக்குதோ என்று பார்த்துச் சாப்பிடச் சொல்லுங்கோ என்று கத்துவேன். முதலில் சிரித்தா. பிறகு சிரிப்பதை விட்டா. கடைகளிலும் அந்தக் கதை போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு நாள் தன் கிணற்றைத் தகரத்தால் மூடிவிட்டு, குடத்தோடு நம் கிணற்றடிக்கு வந்தா. மற்ற வீடுகள் அவவுக்கு முன்னமே வந்துவிட்டன. நான் வென்றுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் வென்றது கொஞ்சம். அதனால் இது நன்றாக நினைவிருக்கிறது.

நடுவில் ஒரு சின்னச் சம்பவம். டெங்கு ஒழிக்கிற ஆட்கள் வீடு வீடாக வந்து, நுளம்புக் குடம்பியைத் தின்னும் சின்ன மீன்களைக் கிணறுகளில் விட்டார்கள். நம் கிணற்றில் விட்ட மீன்கள் அடுத்த நாள் மிதந்தன. திரும்ப விட்டார்கள், அவையும் மிதந்தன. அரசாங்கம் தருகிற மீனுக்கும் உயிர் பாதிதான் என்று அந்த உத்தியோகத்தரிடம் சொன்னேன். அவர் மிச்ச மீனை அக்காவின் கிணற்றில், தகரத்தைத் தூக்கி விட்டுவிட்டுப் போனார். அங்கே அவை குட்டி போட்டுப் பெருகின. மீனுக்கும் ஊத்தைதான் பிடிக்கும் என்று நான் விளக்கம் சொன்னேன். டின்னில் பார்த்த அதே மீன், அதே மாதிரி மல்லாந்து, என் கிணற்றுக்குள் கிடந்தது. எனக்குத் தெரியவில்லை.

பிறகு மிஸ் வந்தா. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவ, கம்பஸில் படிப்பிக்கிறவ. படகு யாட்டுகளைச் சுற்றியுள்ள கிணறுகளில், அடிப் பெயின்ற் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவவின் ஆராய்ச்சி. கருவி ஒரு கைத்தொலைபேசி அளவுதான். அதில் செருகுவதற்குச் சின்னச் சின்னப் பட்டிகள். சீனி வருத்தக்காரர் இரத்தம் பார்க்கிற பட்டி போல இருக்கும்.

அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். மிஸ் பொறுமையாகச் சொன்னா. பட்டியின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பிளாஸ்ரிக் தோல் ஒன்று பூசியிருக்கிறது. அந்தத் தோலை ஆக்கும்போது மருந்தையும் அதற்குள் சேர்த்து இறுக விடுகிறார்கள். இறுகிய பிறகு மருந்தை மட்டும் கழுவி எடுக்கிறார்கள். மருந்து இருந்த இடங்கள் அதே வடிவத்தில் குழிகளாக நிற்கும். பிறகு ஏதாவது தண்ணீரில் வைத்தால், அந்த மருந்து இருந்தால் மட்டும் அது வந்து தன் குழியில் இருந்துகொள்ளும். மற்றவை பொருந்தாது.

“பைபர் போட் வார்க்கிற அச்சு மாதிரியோ, மிஸ்?” என்று கேட்டேன். “போட்டைக் கழட்டி எடுத்தாப் பிறகும் அச்சில அந்த வடிவம் நிக்கும். வேற போட்டைக் கொண்டுபோய் அதில வைக்க ஏலாது.”

“அதேதான் அண்ணன்,” என்று சொல்லித் தன் கொப்பியில் எழுதிக்கொண்டா. படிப்பிக்கும்போது இதைச் சொல்வேன் என்றா. கம்பஸ் பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லப்போகிறேன் என்று உங்கள் அம்மாவிடம் அன்று மட்டும் மூன்று தரம் சொன்னேன்.

மிஸ் கிணற்றை எட்டிப் பார்த்தா. வடிவாகப் பெயின்ற் அடித்திருக்கிறீர்கள் என்றா. நானே அடித்தது என்றேன். என்ன பெயின்ற் என்று அவவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிணற்றுக்கு அந்தப் பெயின்ற் அடிக்கிற மனிதன் ஒருவன் இருப்பான் என்று அவவின் படிப்பில் எங்கும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

தண்ணீர் எடுத்து, ஏதோ உப்புக் கரைசல் கலந்து, பட்டியை வைத்தா. கருவிக்குள்ளால் மின்சாரம் கொஞ்சமாக ஓடும், அது திரையில் ஒரு மேடு மாதிரிக் கோடாக வரும். நம் தண்ணீருக்கு வந்த மேடு சின்னது, தட்டையாக இருந்தது. கடல் அமைதியாக இருக்கிற மாதிரி. நல்லது என்று நினைத்துச் சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை. மருந்து போய்க் குழிகளில் இருந்தால் மின்சாரம் போகிற வழி அடைபடும், அப்போதுதான் மேடு சின்னதாகும். நல்ல தண்ணீர் என்றால் மேடு உயரமாக வர வேண்டும். இன்னொரு பட்டி வைத்துப் பார்த்தா. அதே தட்டை.

இந்தத் தண்ணீரை எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று கேட்டா. ஒழுங்கை முழுக்க என்றேன். அந்தப் பதிலை எத்தனையோ பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு மெதுவாகத்தான் சொன்னேன்.

மூன்று நாளில் திரும்பி வந்து பார்ப்பதாகவும், அதுவரை குடிக்க வேண்டாமென்று எல்லோருக்கும் சொல்லும்படியும் மிஸ் சொன்னா. அந்தப் பெயின்ற்றில் செம்பும் இருக்கும், இந்தப் பட்டிக்குச் செம்பு தெரியாது, தனக்கு அச்சு உள்ள ஒன்றை மட்டும்தான் இது பிடிக்கும் என்று சொல்லி ஆய்வுகூடத்துக்கு ஒரு போத்தல் தண்ணீரும் எடுத்தா. யாட்டிலிருந்து நிலத்துக்குள்ளால் ஊறி வந்திருக்கலாம் என்பது அவவின் எண்ணம். நானும் அப்படித்தான் நினைத்து ஓம் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் சொன்னேன்.

மிஸ் போய்க் கொஞ்ச நேரத்தில் அக்காவின் மகள் குடத்தோடு வந்தாள். பிள்ளைப்பேற்றுக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். வாளியில் அள்ளி, முதலில் கையால் ஏந்திக் குடித்துவிட்டுத்தான் குடத்தை நிரப்புவாள்.

“அந்த மிஸ் என்ன சொன்னவ, மாமா?”

“சின்ன மேடுதான் காட்டினது,” என்றேன்.

பொய் சொல்லவில்லை, பாருங்கள். கருவி காட்டியதைத்தான் சொன்னேன். அவளும் நல்லது என்று நினைத்துச் சிரித்தாள், நான் சிரித்த மாதிரியே. குடத்தை இடுப்பில் வைக்க ஏலாமல் கையில் தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்து எழுதப்போவதை எழுதாமல் விட்டால் இந்தக் கதை நல்லாயிருக்கும். அன்று பின்னேரம் உங்கள் அம்மாவிடம், பிள்ளைகளுக்குக் குடிக்க ரோட்டுக் குழாயில் தண்ணீர் எடுப்போம் என்றேன். ஏன் என்று கேட்டா. குழாய் சும்மாதானே கிடக்கிறது, அதுவும் ஓடட்டும் என்றேன். நீங்கள் இரண்டு பேரும் போத்தல்களோடு குழாயடியில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கலாம். கிணற்றடியில் விசாரித்தவர்களுக்கு, அந்தக் கருவியை நம்பாதேங்கோ என்றேன். கருவியை நம்பவில்லை என்று ஊருக்கு. நம்பினேன் என்று வீட்டுக்கு. அந்த மூன்று நாளும் எனக்கு இரண்டு மூளை இருந்தது.

யாட் முதலாளியின் காதுக்கும் விஷயம் போனது. இப்படிக் கதை பரவினால் யாட்டை மூடச் சொல்வார்கள், பத்துப் பன்னிரண்டு வீட்டு அடுப்பும் சேர்ந்து மூடும் என்றார். கருவிக்கும் பிழை வரும்தானே, கேட்டுப் பாரும் என்றார். அது எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது. கருவியைச் சோதிக்க நான் ஆயத்தமானேன், பத்தாம் வகுப்புப் படிப்போடு.

மூன்றாம் நாள் மிஸ் வந்ததும் முதல் கேள்வியை வைத்தேன். “பட்டிக்குள்ள அந்த மருந்தை வைச்சதே நீங்கள்தானே, மிஸ்? வைச்சதை நீங்களே கண்டுபிடிக்கிறது பெரிய வேலையோ?”

மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன். மிஸ் சந்தோஷப்பட்டா. பெரிய பெரிய ஆட்களும் கேட்கிற கேள்வி இது என்றா. கழுவியது போதாமல் பட்டியில் மருந்து மிஞ்சியிருந்தால் எந்தத் தண்ணீருக்கும் பிழையாகத்தான் காட்டும், அதனால்தான் சுத்தத் தண்ணீரில் முதலில் வைத்துப் பார்ப்பது என்று சொல்லிப் பார்த்துக் காட்டினா. மேடு உயர்ந்து வந்தது. அச்சுக் குழி இல்லாத வெறும் பட்டி ஒன்றையும் நம் தண்ணீரில் வைத்தா. அதிலும் மேடு குறையவில்லை. குழி உள்ள பட்டியில் மட்டும் தட்டை.

விட மனமில்லை. நாலு போத்தல் நிரப்பி, எது எதுவென்று சொல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதி வைத்திருந்தேன். ஒன்று ரோட்டுக் குழாய். இரண்டு அக்காவின் கிணறு. தகரத்தைத் தூக்கி, வேண்டுமென்றே பாசியையும் சேற்றையும் கலக்கி எடுத்தது. மூன்று யாட்டடிக் கடல். நாலு நம்முடையது. மிஸ் பாசித் தண்ணீரை முதலில் வடித்தெடுத்தா. ஒவ்வொன்றாக வைத்தா.

குழாய்த் தண்ணீருக்கு மேடு உயரம். அக்காவின் தண்ணீருக்கும் உயரம், தவளை, சேறு, எல்லாவற்றோடும். கடல் தண்ணீருக்குக் கொஞ்சம் குறைந்தது. நாலாவது போத்தலுக்குக் கோடு எழும்பவேயில்லை.

மிஸ் தன் கொப்பியை விரித்து வைத்து யோசித்தா. யாட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் உள்ள கிணறுகளில் ஒன்றுமில்லை. யாட்டடிக் கடலிலும் இவ்வளவு இல்லை. “அப்ப உங்கட கிணத்துக்குள்ள மட்டும் எப்பிடி வந்தது அண்ணன்?”

அச்சுக் கதையை அவவுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த அச்சில் அந்தப் படகு மட்டும்தான் இருக்கும். குழிக்குள் போய் இருந்துகொண்டது எந்த டின்னிலிருந்து வந்த மருந்து என்று அந்தக் கதிரையிலிருந்தே எனக்குத் தெரிந்தது. எழும்பிப் போய்க் கிணற்றுக்குள் பார்த்தேன். சிவப்பு, வழவழவென்று, ஒரு பொட்டுப் பாசி இல்லை. என்னுடைய கைவேலை. நல்ல வேலை.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மிஸ் யாட்டைத்தான் எழுதியிருப்பா. முதலாளி என்னை ஏசியிருப்பார், பிறகு மறந்திருப்பார். கிணற்றை மெல்ல மூடியிருக்கலாம். என் பெயர் அப்படியே இருந்திருக்கும். இதை யோசித்துக்கொண்டு நிற்கும்போது படலையைத் திறந்துகொண்டு அக்காவின் மகள் வந்தாள். வாளிக் கயிற்றைப் பிடித்தாள்.

“பிள்ளை, வாளியை விடு,” என்றேன். பிறகு மிஸ் பக்கம் திரும்பினேன். “யாட்டிலயிருந்து வரேல்லை, மிஸ். நான்தான். உள்ளுக்கு அடிச்சது அடிப் பெயின்ற்.”

மிஸ் எழுதவில்லை. பேனையை மூடி வைத்தா. கிணற்றை ஒருமுறை பார்த்தா, என்னை ஒருமுறை பார்த்தா.

அக்காவின் மகள்தான் கேட்டாள். “கூடாத தண்ணியெண்டு அண்டைக்கே தெரியுமோ, மாமா?”

“பெயின்ற் எண்டு இப்பதான் விளங்கினது. கூடாதெண்டு… அண்டைக்கே மிஸ் சொன்னவ.”

“உங்கட பிள்ளைகள் குழாயடியில நிண்டதைக் கண்டனான்,” என்றாள். சத்தம் உயர்த்தவில்லை. வெறும் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். படலையை எப்போதும் போலச் சாத்திவிட்டுத்தான் போனாள்.

அக்கா வந்தது கொஞ்சம் பிந்தி. வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து, குடம், பானை, கேத்தில் என்று ஒவ்வொன்றாக நம் படலைக்கு முன்னால் ஊற்றினா. ஒழுங்கைச் சனம் பார்த்து நின்றது. மிஸ் அவவிடம், நாளைக்கே மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன் என்றா. அக்கா தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தா.

“என்னட்ட ஒண்டும் சொல்லாத. முதல்ல போய் என்ர தவளையளிட்ட மன்னிப்புக் கேள்.”

அன்றே தகரம் கழன்றது. அவவின் கிணற்றில் ஒழுங்கை வரிசையாக நின்றது. வரிசையில் கடைசியாக நான் நின்றேன். ஒருவரும் போகச் சொல்லவில்லை, முன்னால் வரச் சொல்லவும் இல்லை.

குழந்தை நேரத்துக்குப் பிறந்தது. பெண் பிள்ளை, நல்ல நிறை. டொக்டர் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றார். அதைக் கேட்டபோதுதான் மூச்சு ஒழுங்காக விட்டேன். அக்கா அவ்வளவு லேசில் விடவில்லை. குழந்தை தும்மினாலும் கிணற்றுக்காரனிடம் கேளுங்கோ என்று இந்தப் பக்கம் கேட்கச் சொல்லுவா.

கிணற்றை இறைத்துப் பெயின்ற்றைச் சுரண்டினேன். பூசுவதற்கு ஒரு பகல் எடுத்தது, சுரண்டுவதற்குப் பதினொரு நாள். ஒரு துண்டும் தண்ணீரில் விழக் கூடாது, நிலத்தில் புதைக்கக் கூடாது, கடலில் கொட்டக் கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தா. அடியில் படங்கு விரித்துச் சேர்த்தேன். மூன்று சாக்கு. எங்கே கொடுப்பது என்று நகரசபையில் கேட்டேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். கிணற்றிலிருந்து என்றேன். அப்படி ஒரு குப்பை தங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். வீட்டுக்குப் பின்னால், பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறேனே, அவைதான் அந்தச் சாக்குகள். வெளியே மல்லாந்த மீனும் இலையில்லாத மரமும் வரைந்தது நான்தான். மரத்தின் விளக்கம் இப்போது தெரியும், அதுவும் செத்ததுதான்.

யாட்டில் மட்டும் இவ்வளவு காலமும் சுரண்டியது எங்கே போனது என்று நீங்கள் கேட்பீர்கள். கடலுக்குத்தான். கிணற்றுக்குள் விழாமல் பொறுக்கிய அதே கையால். இப்போது படகுக்குக் கீழே படங்கு விரிக்கிறோம். முதலாளி முதலில் அதற்கு ஒத்துக்கொண்டது, யாராவது படம் எடுக்க வருவார்கள் என்று. ஒருவரும் வரவில்லை. படங்கை எடுத்துவிடச் சொன்னார். நான் இன்னும் விரிக்கிறேன், அவர் இன்னும் ஏசுகிறார்.

மிஸ் மாதத்துக்கொரு தரம் வந்து பட்டி வைத்தா. மேடு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. கடைசியில் பட்டிக்கு மருந்து தெரியவில்லை, ஆய்வுகூடத்திலிருந்து செம்பும் சரியென்று கடிதம் வந்தது. இனிக் குடிக்கலாம் என்று மிஸ் சொன்னா. நான் அந்தக் கடிதத்தைக் கிணற்றடியில் பிளாஸ்ரிக் உறையில் போட்டுத் தொங்கவிட்டேன். ஒருவரும் வரவில்லை. முன்பு கருவியை நம்பாதே என்று ஊருக்குச் சொன்னவன் நான்தான். ஊர் என் சொல்லைக் கேட்டது.

அக்காவிடம் போய் இரண்டு மீன் கேட்டேன். கொல்லவோ என்று கேட்டு அனுப்பிவிட்டா. இரண்டு கிழமை கழித்து அவவின் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மற்றக் கையில் ஒரு ஜாம் போத்தல். அதற்குள் மூன்று மீன். போத்தலைக் கிணற்றுக்குள் கவிழ்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். குழந்தையும் பார்த்தது. மீன்கள் ஒருக்கால் கீழே போய், பிறகு வளையத்தின் ஓரமாகச் சுற்றத் தொடங்கின. மூன்றாவது வளையத்தில் விரல் அகலத்துக்குப் பச்சை வந்திருந்தது.

அடுத்த நாள் முகம் கழுவ முன் ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்றும் நீந்தின. அவளும் வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, வெறும் குடத்தோடு திரும்பித் தாயின் கிணற்றுக்குப் போனாள்.

இப்போதும் காலையில் அப்படித்தான். படலையைத் திறந்து வருவாள், எட்டிப் பார்ப்பாள். “மீன் நிக்குது, மாமா,” என்பாள். படலையைச் சாத்திவிட்டுப் போவாள். குடம் இன்னும் இந்தக் கிணற்றில் நிரம்பவில்லை. நான் கேட்கவுமில்லை.